பத்து லட்சம் பரிசோதனை: யாருக்கு, எந்த முறையில்?

புது தில்லி: 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்ற மழைக்காலக் கூட்டத் தொடர் தொடங்கியபோது, 72 மணி நேரத்திற்குள் செய்துகொண்ட ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்று இல்லை எனத் தெரிந்த உறுப்பினர்கள் மட்டுமே அவைக்குள் வரலாம் என்று விதிக்கப்பட்டது. தொடக்க நாளிலேயே இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்குத் தொற்று உறுதியானது. அந்த வார இறுதிக்குள் செய்தியாளர்களுக்கும் பரிசோதனை கட்டாயமாயிற்று. ஆனால், எங்களுக்கு விதிக்கப்பட்டது அரை மணி நேரத்தில் முடிவு தெரியும் ஆன்டிஜன் விரைவுப் பரிசோதனை. அதையும் நாள்தோறும் செய்துகொள்ள வேண்டும். ஆர்டி-பிசிஆர் சான்று மூன்று நாள் செல்லும், ஆன்டிஜன் முடிவு அன்றைக்கு மட்டுமே செல்லும் என்ற வேறுபாடு நாடாளுமன்ற வளாகத்தில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. நாள்தோறும் அரசு வெளியிட்ட அறிக்கையிலோ இரண்டும் ஒன்றாகக் கூட்டப்பட்டு, 'நாட்டில் இன்று செய்யப்பட்ட பரிசோதனைகள்' என்ற ஒற்றை எண்ணாகவே வந்தன.

பெருந்தொற்றுக் காலத்தின் அரசுக் கணக்குகளை இன்று மீண்டும் புரட்டிப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. எத்தனை பரிசோதனை என்பதைவிட, எந்தப் பரிசோதனை, யாருக்குச் செய்யப்பட்டது என்பதே முக்கியம்.

தொடக்கத்தில் கணக்கு எளிமையாக இருந்தது. 2020 ஜனவரி 30-இல் கேரளத்தில் முதல் தொற்று உறுதியானபோது நாடு முழுமைக்கும் புணே தேசிய தீநுண்மியியல் நிறுவனத்தையே நம்பியிருக்க வேண்டிய நிலை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்கள் ஆகியோருக்கு மட்டுமே மார்ச் நடுப்பகுதி வரை பரிசோதனை செய்யப்பட்டது. மார்ச் 20-க்குப் பிறகே, கடும் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் அனைவரையும் சோதிக்கலாம் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) விதியைத் தளர்த்தியது. ஆகவே, அதற்கு முந்தைய நாள்களில் 'சமூகப் பரவல் இல்லை' என்று சொல்லப்பட்டதில் வியப்பில்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது.

அந்த நாள்களில் ஐசிஎம்ஆர் ஒரு நல்ல வழக்கத்தைக் கடைப்பிடித்தது. மாதிரிகளின் எண்ணிக்கையையும் நபர்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே வெளியிட்டது. ஏப்ரல் 9 இரவு நிலவரப்படி 1,30,792 நபர்களிடமிருந்து 1,44,910 மாதிரிகள் சோதிக்கப்பட்டதாக அதன் குறிப்பு கூறியது. ஒருவருக்கே இரண்டு, மூன்று முறை சோதிப்பது அப்போது வழக்கம்; குணமடைந்தாரா என்று பார்ப்பதற்கும் மாதிரி எடுக்கப்பட்டது. பின்னர் நபர்களின் கணக்கு மறைந்து, மாதிரிகளின் கணக்கு மட்டும் எஞ்சியது. தொற்று உறுதியானவர்கள் நபர்களாகவும், பரிசோதனைகள் மாதிரிகளாகவும் எண்ணப்பட்டால், ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும்.

ஜூன் மாதம் தில்லியில் நிலைமை கைமீறியது. ஜூன் 14-இல் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தில்லி முதல்வருடன் நடத்திய கூட்டத்தில், பரிசோதனைகளை இரண்டு நாள்களில் இரு மடங்காகவும் ஆறு நாள்களில் மும்மடங்காகவும் உயர்த்த முடிவு செய்யப்பட்டது. அதே நாளில் ஐசிஎம்ஆர் முதலாவது ஆன்டிஜன் பரிசோதனைக் கருவிக்கு அனுமதி அளித்தது. அந்தக் கருவியின் திறன் பற்றி ஐசிஎம்ஆர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொற்று இருப்பவரைக் கண்டறியும் திறன் 50.6 முதல் 84 சதவீதம் வரை என்று அறிவுறுத்தலிலேயே அச்சிட்டிருந்தது. அதாவது, தொற்றுள்ள நூறு பேரில் 16 முதல் 49 பேர் வரை 'தொற்று இல்லை' என்ற முடிவுடன் வீடு திரும்பக்கூடும். எனவேதான், அறிகுறி இருந்தும் ஆன்டிஜனில் தொற்று இல்லை என வந்தவர்களுக்குக் கட்டாயம் ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும் என்றும் அதே அறிவுறுத்தல் கூறியது.

இந்த இரண்டாம் பகுதி என்னவாயிற்று என்பது தில்லி உயர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. ஜூன் 18 முதல் ஜூலை 15 வரை தலைநகரில் 2,81,555 ஆன்டிஜன் பரிசோதனைகள் நடந்தன. 19,480 பேருக்குத் தொற்று உறுதியானது. எஞ்சிய 2,62,075 பேரில் மறுபரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் வெறும் 1,365 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த 1,365 பேரில் 243 பேருக்கு ஆர்டி-பிசிஆர் முறையில் தொற்று உறுதியானது. ஏறத்தாழ 18 சதவீதம்.

இதை வைத்து, தொற்று இல்லை எனக் கூறப்பட்ட 2.62 லட்சம் பேரிலும் 18 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்திருக்கும் என்று பெருக்கிப் பார்ப்பது தவறு. மறுபரிசோதனைக்குப் போனவர்கள் காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருந்திருக்காது. ஆனால், எத்தனை பேர் அறிகுறியுடன் வந்து, மறுபரிசோதனை இன்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதை அந்தக் கணக்கிலிருந்து அறிய வழியில்லை. நீதிபதிகள் கேள்வி எழுப்பியதும் இதனால்தான். செப்டம்பர் 10-இல் மத்திய சுகாதார அமைச்சகமே அனைத்து மாநிலங்களுக்கும் கடிதம் எழுதி, மறுபரிசோதனை விதியை நினைவூட்ட வேண்டியிருந்தது.

இரண்டு முறைகளையும் ஒன்றாகக் கூட்டினால் என்ன நேரும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நகரில் நாளொன்றுக்கு 10,000 பரிசோதனைகள் நடப்பதாகக் கொள்வோம். ஆர்டி-பிசிஆரில் 15 சதவீதமும் ஆன்டிஜனில் 5 சதவீதமும் தொற்று உறுதியாகிறது. ஆர்டி-பிசிஆர் 6,000, ஆன்டிஜன் 4,000 என்றால் மொத்தத் தொற்று 1,100; விகிதம் 11 சதவீதம். அடுத்த வாரம் ஆர்டி-பிசிஆரை 3,000-ஆகக் குறைத்து ஆன்டிஜனை 7,000-ஆக உயர்த்தினால் மொத்தத் தொற்று 800; விகிதம் 8 சதவீதம். நோய் கடுகளவும் குறையவில்லை. ஆயினும், விகிதம் இறங்கிவிட்டது என்று செய்தியாளர் கூட்டத்தில் அறிவித்துவிடலாம்.

தில்லியில் 2020 நவம்பர் 11-ஆம் தேதி 8,593 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவரை இல்லாத உச்சம். அன்று நடந்த ஏறத்தாழ 64,000 பரிசோதனைகளில் ஆர்டி-பிசிஆர் வகையைச் சேர்ந்தவை சுமார் 19,000 மட்டுமே. பிகாரில் ஆகஸ்ட் மாதமே அன்றாடப் பரிசோதனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவற்றிலும் பெரும்பகுதி ஆன்டிஜன். ஆர்டி-பிசிஆரையே நம்பியிருந்த தமிழ்நாட்டின் விகிதத்தை இவற்றோடு ஒரே அட்டவணையில் வைத்து, யார் முந்தி, யார் பிந்தி என்று அப்போது நாங்கள் உள்பட எல்லா நாளேடுகளும் எழுதினோம். அந்த ஒப்பீட்டுக்கு உண்மையில் பொருளில்லை.

தேசிய அளவில் ஆகஸ்ட் 21-இல் ஒரே நாளில் 10 லட்சம் பரிசோதனை என்ற எல்லை கடக்கப்பட்டது. ஜனவரியில் இருந்த நிலையை எண்ணிப் பார்த்தால், ஆய்வகக் கட்டமைப்பைப் பொருத்தவரை அது எளிய சாதனையன்று. ஆனால், அந்தப் பத்து லட்சத்தில் எத்தனை எந்த வகை என்ற விவரம் அன்றாட அறிவிப்பில் இடம்பெறவில்லை. மாறாக, பத்து லட்சம் மக்களுக்கு நாளொன்றுக்கு 140 பரிசோதனை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலை இந்தியா தாண்டிவிட்டது என்று அறிக்கைகள் தெரிவித்தன. நோய் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுவோரைக் கண்காணிப்பதற்காகச் சொல்லப்பட்ட அளவுகோல் அது. முகாம் போட்டு, வருவோர் போவோர் அனைவரையும் சோதித்து அதை நிரப்புவது வேறு விஷயம்.

இவற்றையெல்லாம் கேட்பதற்கு உரிய இடம் நாடாளுமன்றம். ஆனால், அந்த மழைக்காலக் கூட்டத் தொடரில் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்துபூர்வ பதில்கள் மட்டுமே தரப்பட்டன. எழுத்துபூர்வ பதிலில் மொத்த எண்ணிக்கை வரும். அதைப் பிரித்துக் காட்டச் சொல்லும் துணைக் கேள்விக்கு அதில் இடமில்லை. இருபது ஆண்டுகளாக அவை நடவடிக்கைகளைப் பார்த்துவரும் எனக்கு, அமைச்சர்கள் தடுமாறுவது பெரும்பாலும் துணைக் கேள்வியில்தான் என்பது அனுபவம். கூட்டத் தொடரும் எட்டு நாள் முன்னதாகவே முடிந்தது. குளிர்காலக் கூட்டத் தொடர் நடைபெறவேயில்லை. ராம் கோபால் யாதவ் தலைமையிலான சுகாதார நிலைக்குழு நவம்பரில் மாநிலங்களவைத் தலைவரிடம் அளித்த அறிக்கை, தொடர்பு கண்டறிதலில் இருந்த குறைபாடும் போதிய பரிசோதனை இன்மையும் தொற்று வேகமாகப் பெருகியதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் எனச் சுட்டிக்காட்டியது.

இலக்கு எண்ணாகிவிட்டால், எண் எப்படியாவது வந்து சேரும். 2021 பிப்ரவரியில் பிகாரின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு ஆராய்ந்தபோது, பரிசோதனை செய்துகொண்டவர்களின் கைப்பேசி எண் என்ற இடத்தில் பத்து பூஜ்யங்கள் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. ராஷ்டிரீய ஜனதா தள உறுப்பினர் மனோஜ் ஜா இதை மாநிலங்களவையில் எழுப்பினார். சுகாதார அமைச்சர் கவனிக்க வேண்டும் என்றார் அவைத் தலைவர் வெங்கய்ய நாயுடு. ஜமுய் மாவட்ட அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அடுத்து, ஹரித்வார் கும்பமேளா. நாளொன்றுக்கு 50,000 பரிசோதனை செய்ய உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மேளா முடிந்த பிறகு நடந்த விசாரணையில், தனியார் ஆய்வகங்கள் காட்டிய கணக்கில் குறைந்தது ஒரு லட்சம் பரிசோதனைகள் போலி என்று முதற்கட்டமாகத் தெரியவந்தது. ஹரித்வாருக்கே செல்லாத பஞ்சாபைச் சேர்ந்த ஒருவருக்கு, பரிசோதனை முடிவு கைப்பேசிக் குறுஞ்செய்தியாக வந்ததில்தான் விஷயம் வெளிப்பட்டது. அந்தப் போலிகளும் 'தொற்று இல்லை' என்று தேசியக் கணக்கில் சேர்ந்து, விகிதத்தைக் குறைத்துக் காட்டியிருக்கும்.

அன்றாட விகிதமா, மொத்த விகிதமா என்பதிலும் எச்சரிக்கை தேவை. 2021 ஏப்ரல் 18 நிலவரப்படி, தொடக்கம் முதல் செய்யப்பட்ட 26 கோடிக்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் 1.47 கோடி பேருக்குத் தொற்று. வகுத்தால் ஐந்தரை சதவீத அளவுதான். அன்றைய தினத்துக்குரிய விகிதமோ 16.69 சதவீதம், பன்னிரண்டு நாள்களில் இரு மடங்காகியிருந்தது. அமைச்சகம் அன்று இதையும் வெளியிட்டது. ஏப்ரல் 22-இல் தில்லியின் விகிதம் 36 சதவீதத்தைத் தாண்டியது. அந்த அளவுக்குப் போனபின், தொற்று எண்ணிக்கை என்பது பரவலின் அளவையே அன்று. ஆய்வகங்களின் கொள்திறன்தான் எண்ணாக வருகிறது. பல நாள் காத்திருந்தும் மாதிரி எடுக்க ஆள் கிடைக்காதவர்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

அட்டவணைக்கு வெளியே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஓரளவு காட்டியவை ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடிய ஐசிஎம்ஆரின் தேசிய ஆய்வுகள். சென்னையில் உள்ள தேசிய நோய்ப் பரவலியல் நிறுவனம் அவற்றில் முன்னின்றது. 2020 ஆகஸ்ட் - செப்டம்பரில் நடந்த இரண்டாம் ஆய்வு, பத்து வயதுக்கு மேற்பட்டோரில் 15 பேருக்கு ஒருவர் தொற்றைக் கடந்திருப்பதாகவும், கணக்கில் வந்த ஒவ்வொரு தொற்றுக்கும் 26 முதல் 32 பேர் வரை தொற்றுக்கு ஆளாகியிருப்பதாகவும் மதிப்பிட்டது. 2021 ஜூன் - ஜூலையில் நடந்த நான்காம் ஆய்வில் 67.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. தடுப்பூசியே போடாதவர்களிடத்திலும் 62.3 சதவீதம். அந்த முடிவு வெளியான ஜூலை 20 அன்று அரசுக் கணக்கின்படி தொற்றுக்கு ஆளானவர்கள் 3.11 கோடி பேர்.

அதற்குப் பிந்தைய எண்களை முந்தையவற்றுடன் ஒப்பிடுவது இன்னும் கடினம். 2021 மே மாதம் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைக்கு அனுமதி தரப்பட்டது. முடிவைச் செயலியில் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. பதிவேற்றாதவரைக் கண்டறிய வழியில்லை. 2022 ஜனவரி 10-இல், தொற்றாளருடன் தொடர்பில் இருந்தவர்களில் முதியோர், இணைநோய் உள்ளோர் தவிர மற்றவர்களுக்குப் பரிசோதனை தேவையில்லை என ஐசிஎம்ஆர் அறிவித்தது. பத்து நாள்கள் கழித்து, மூன்றாம் அலையின் அன்றாடத் தொற்று மூன்றரை லட்சத்தை நெருங்கி, அதன்பின் இறங்கத் தொடங்கியது.