எந்த உருத்துலக்கி வாங்கலாம்?

மாதம் ஒரு கருப்பு-வெள்ளைப் படச்சுருள் மட்டுமே கழுவுபவரா நீங்கள்? அப்படியானால் உருத்துலக்கியின் ஆயுளை முதலில் பாருங்கள். கெட்டுப்போன கரைசலில் இட்ட சுருள், நிலைநிறுத்தியபின் வெறும் கண்ணாடிபோல் வெளிவரும்; எடுத்த காட்சிகள் போனவை போனவைதாம்!

நீர்த்த கரைசலைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விரைவில் கெடுத்துவிடும். அடர்கரைசலோ நெடுநாள் தாங்கும். 1891-இல் ஜெர்மனியில் ஆண்ட்ரெசன் காப்புரிமை பெற்ற ரோடினால் இவ்வகையில் மூத்தது. அதிலுள்ள பாரா-அமினோஃபீனால்தான் ஒளிபட்ட வெள்ளி உப்பை வெள்ளியாக ஒடுக்குகிறது. 12 மி.லி. எடுத்து 300 மி.லி. நீரில் கலந்து, ஒரே முறை பயன்படுத்திக் கொட்டிவிடலாம்.

ஆனால் நீர்த்த ரோடினாலில் சல்ஃபைட் குறைவு. ஆகவே வெள்ளி உப்புத் துகள்களின் விளிம்பு கரைவதில்லை. படம் கூர்மையாகும், துகளும் துருத்தித் தெரியும். 100 ஐ.எஸ்.ஓ. சுருளுக்கு இது பொருந்தும். 400-க்கு, என்னைக் கேட்டால், எச்.சி.-110 மேல்.