மூட்டு வலியும் மருந்து ஒட்டும்: தாங்குவதா, தணிப்பதா?



செட்டிநாட்டுச் சிற்றூர்களில் முதியோர் இருவர் சந்தித்தால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவர். அடுத்து முழங்காலைப் பற்றிப் பேசுவர். எங்கள் வலையபட்டிப் பகுதியிலும் அப்படியே. உயர்ந்த திண்ணைகளும் படிகளும் உள்ள வீடுகளில் நாள்தோறும் ஏறி இறங்கியவர்கள், ஊருணியிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தவர்கள், தரையில் குந்தியே சமைத்தவர்கள் இன்று மூட்டுத் தேய்மானத்தோடு வாழ்கின்றனர். திருப்பலியில் முழங்காற்படியிட இயலவில்லையே என்று கண்கலங்குவோரும் உளர். உடல்நலம் இடம் கொடாதவர்கள் முழங்காற்படியிட வேண்டியதில்லை என்று திருவழிபாட்டு ஒழுங்கே கூறுகிறது. ஆதலால் இவர்களுக்கு மனச்சஞ்சலம் வேண்டா.

அண்மை ஆண்டுகளில் இத்தகைய முதியோர் சிலரின் இல்லங்களுக்கு ‘பேட்ச்’ எனப்படும் மருந்து ஒட்டு வந்து சேர்ந்துள்ளது. வந்த இடமெங்கும் மூவகைக் குரல்கள் எழுகின்றன. “அது அபின் மருந்து, பழகிவிடும்” என்று அஞ்சுகிறார் ஒருவர். “ஒட்டிவிட்டால் போதும், இனிக் கவலையில்லை” என்று எண்ணுகிறார் மற்றொருவர். “வலி ஆண்டவர் தந்த சிலுவை, அதைத் தணிக்கலாமா?” என்று கேட்கிறார் மூன்றாமவர். இம்மூன்றையும் நிதானமாக ஆராய்வோம்.

இந்த ஒட்டு யாது?

மருந்துக் கடையில் கேட்டவுடன் தரும் வலிப் பிளாஸ்திரி வேறு, இது வேறு. பிளாஸ்திரியை வலிக்கும் இடத்தில் ஒட்டுகிறோம். இந்த ஒட்டையோ மார்பிலோ, முதுகிலோ, மேற்கையிலோ ஒட்டுவர். அதிலுள்ள மருந்து தோல் வழியே சிறிது சிறிதாக இரத்தத்தில் கலந்து, மூளையிலும் தண்டுவடத்திலும் வலியுணர்வைக் குறைக்கிறது. ஆகவே முழங்கால் வலிக்காக அதை முழங்காலில் ஒட்டுவதால் பயனில்லை.

இவற்றுள் இரண்டு மருந்துகள் முக்கியமானவை. ஒன்று பியூப்ரினார்ஃபின், அதன் குறைந்த அளவு ஒட்டை 7 நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவர். மற்றொன்று ஃபென்டனில்; அதை 72 மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுவர். ஃபென்டனிலை 1960 வாக்கில் உருவாக்கியவர் பெல்ஜிய நாட்டு அறிஞர் பால் ஜான்சென். அது மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. ஆதலால் அபின் வகை மருந்து இதுவரை உட்கொண்டிராத ஒருவருக்கு அதனை முதல் மருந்தாக ஒட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் அனுமதியோடு கசகசாச் செடி பயிரிடப்படுகிறது. அதன் பாலிலிருந்து கிடைப்பது அபின். அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது மார்பின். போதைப் பழக்கத்தைத் தடுக்க 1985ஆம் ஆண்டில் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னர், இம்மருந்துகளைப் பெறப் பல அனுமதிகள் தேவைப்பட்டமையால், புற்றுநோயால் துடித்தவர்களுக்கும் மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்ற முனைந்தது. இன்றியமையா மருந்துகளுக்கு நாடெங்கும் ஒரே சீரான விதிகள் வகுக்க அது வழி செய்தது.

கடல் கடந்த அமெரிக்க நாட்டிலோ இதற்கு நேர்மாறான துன்பம் நேர்ந்தது. அங்கே 1990களின் பிற்பகுதி முதல் சாதாரண முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இம்மருந்துகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்தனர். எண்ணற்ற குடும்பங்கள் அடிமைத்தனத்திலும் சாவிலும் சிக்கின. ஓரிடத்தில் மருந்தின்றித் துடித்தனர். மற்றோரிடத்தில் மருந்தாலேயே மடிந்தனர். அச்சமும் அலட்சியமும் ஆகிய இரண்டுமே நோயாளியைக் கைவிடுகின்றன.

மூட்டு வலிக்கு இது முதல் மருந்தன்று

அமெரிக்காவில் முதுகுவலியாலோ இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானத்தாலோ வருந்திய 240 பேரை 12 மாதங்கள் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. அபின் வகை மருந்து பெற்றவர்கள், மற்ற மருந்துகள் பெற்றவர்களைவிட நன்றாக நடமாடவில்லை. பக்க விளைவுகளோ அவர்களுக்கே மிகுதியாயிருந்தன. ஆகவே மூட்டுத் தேய்மானத்திற்கு இதைக் கடைசிப் படியாகவே கருதவேண்டும்.

முதற்படிகள் எளியவை. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, கைத்தடி, எடைக் குறைப்பு ஆகியவை அவை. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. அடுத்து மேற்பூச்சு மருந்துகளும், மருத்துவர் சொல்லும் மாத்திரைகளும் உள்ளன. மூட்டு முற்றிலும் தேய்ந்துவிட்டால் மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது.

விரல் மூட்டுகள் காலையில் வீங்கி நெடுநேரம் விறைத்திருந்தால் அது முடக்குவாதமாயிருக்கக்கூடும். அந்நோயைக் கட்டுப்படுத்தும் தனி மருந்துகள் உண்டு. அவற்றைக் கொடாமல் ஒட்டினால் வலியை மட்டும் மறைப்பது, வீடு எரியும்போது புகையை மட்டும் விசிறிக்கொண்டிருப்பது போலாகும்.

அப்படியானால் இந்த ஒட்டு யாருக்கு? எங்கள் பகுதியில் 80 வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் நிலையைச் சொல்லலாம். இதயம் பலவீனம், அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. பல்லாண்டுகள் கடையில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகளால் சிறுநீரகமும் பழுது. இரவில் உறக்கமில்லை. இத்தகையவருக்கே மருத்துவர் மிகக் குறைந்த அளவிலான 7 நாள் ஒட்டை எழுதிக் கொடுத்தார். வலி முற்றும் நீங்கவில்லை. ஆயினும் அவர் இரவில் நான்கைந்து மணி நேரம் உறங்குகிறார், முற்றம் வரை தாமே நடந்து வருகிறார். மலச்சிக்கல் வந்தது, அதற்கும் மருத்துவர் மருந்து கொடுத்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் மருமகள் பழைய ஒட்டை எடுத்துவிட்டுப் புதியதை வேறிடத்தில் ஒட்டி, நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்.

வலியைத் தணிப்பது பாவமோ?

அந்த மருமகளே ஒரு நாள், “சாமி, அத்தை இது வேண்டாம், வலியை மகனுக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்கிறார்கள். நான் ஒட்டிவிட்டால் பாவமா?” என்று கேட்டார்.

கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசுபிரான் ஏற்கவில்லை என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். மெய்தான், தமக்கென அவர் அவ்வாறு தேர்ந்துகொண்டார். ஆனால் தம்மிடம் வந்த முடக்குவாதக்காரனிடமோ, கூன் விழுந்த பெண்ணிடமோ, “பொறுத்துக்கொள்” என்று அவர் சொல்லியனுப்பினாரா? குணமாக்கியே அனுப்பினார். நல்ல சமாரியனும் காயத்தில் எண்ணெயும் இரசமும் வார்த்த பின்னரே அடிபட்டவனைச் சத்திரத்திற்குக் கொண்டு சென்றான்.

1957 பிப்ரவரி 24ஆம் நாள் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்க மருத்துவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு விடையளிக்கையில், வலி தணிக்கும் மருந்தை ஏற்பது முறையே என்று விளக்கினார். 1984இல் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் துன்பத்தின் பொருள் பற்றி எழுதிய திருமடலிலும் நல்ல சமாரியனுக்குச் சிறப்பான இடம் உண்டு. ஒருவர் தம் வலியை விரும்பி ஒப்புக்கொடுக்கலாம். அது அவருடைய அன்பு. பிறருடைய வலியை நாம் ஒப்புக்கொடுக்க முடியாது. அதைத் தணிப்பதே நம் கடமை. இதை அந்த மூதாட்டியிடமே சொன்னபோது, “அப்படியானால் மிச்சமுள்ள வலியை ஒப்புக்கொடுக்கிறேன் சாமி” என்றார்.

ஒட்டு உள்ள வீட்டில்

கையில் மருந்துச் சீட்டு இருப்பது மட்டும் போதாது. வீட்டாரின் விழிப்பும் வேண்டும்.

ஒட்டும் இடத்தை வெறும் நீரால் கழுவி நன்கு உலர்த்துக. எண்ணெய், சோப்பு, பவுடர் ஆகா. முடியிருந்தால் கத்தரிக்கலாம், மழிக்கலாகாது. ஒட்டியபின் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்துக. ஒட்டைத் துண்டாக வெட்டலாகாது.

வெப்பம் பெரிய பகை. ஒட்டின்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும், காய்ச்சல் கண்டாலும் மருந்து அளவுக்கு மீறி உடலில் ஏறும். காய்ச்சலென்றால் மருத்துவரிடம் சொல்லுக.

மதுவும் தூக்க மாத்திரையும் இதனோடு சேரலாகாது. எழுப்பியும் எழாத உறக்கம், மிக மெதுவான மூச்சு, கடுகுபோல் சுருங்கிய கண்மணி ஆகியவை தென்பட்டால் ஒட்டை உடனே அகற்றி 108ஐ அழைக்க.

கழற்றிய ஒட்டிலும் மருந்து எஞ்சியிருக்கும். குழந்தை ஒன்று அதை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ வாயிலிட்டாலோ உயிர் போகலாம். ஆகவே பசைப்பக்கத்தை உள்ளாக மடித்து, எவர் கைக்கும் எட்டாமல் வைத்து, மருத்துவமனையில் ஒப்படைப்பது நன்று. அண்டை வீட்டாருக்கு ஒன்றைக் கொடுத்துதவுவது உதவியன்று, கேடு.

திடீரென நிறுத்துவதும் தவறு. உடல் மருந்துக்குப் பழகியிருப்பதால் நடுக்கமும் வியர்வையும் வரும். இப்படிப் பழகுவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்றல்ல. மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார்.

அயலாரின் கடமை

1993இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் வலி தணிப்புப் பணிக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் அம்மாநிலத்தில் இப்பணி பரவியதற்குக் காரணம், ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் தொண்டர்களாக நோயாளிகளின் வீடு தேடிச் சென்றமையே. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிற்கே வருகின்றன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையாரும், மரியாயின் சேனையாரும், இளைஞரும் நோயாளிகளைச் சந்திக்கச் செல்கிறீர்கள். செபமாலை சொல்லி முடித்தபின் ஒரு கேள்வியும் கேளுங்கள்: “பாட்டி, இராத்திரி உறங்கினீர்களா?” இல்லை என்று விடை வந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல யாருக்கு ஓய்வு உண்டு என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.