கத்தரினாவும் கைத்தொலைபேசியும்

ஒரு பெண்ணின் படமோ அந்தரங்கப் பேச்சோ சமூக ஊடகங்களில் சில மணி நேரத்துள் ஊரெங்கும் பரவிவிடுவதை இன்று காண்கிறோம். அவ்வேளை அவளுக்கு என்ன நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, இணையம் வருமுன்னர் எழுதப்பட்ட நாவலொன்று உதவுகிறது.

நோபல் பரிசு பெற்ற ஜேர்மனிய எழுத்தாளர் ஹைன்ரிச் பொல் 1974 இல் எழுதிய அந்நாவலின் நாயகி கத்தரினா புளூம். வீட்டுவேலை செய்து கௌரவமாக வாழ்பவள். விருந்தொன்றில் சந்தித்த இளைஞனுடன் ஓர் இரவைக் கழிக்கிறாள். அவனோ பொலிஸாரால் தேடப்படுபவன். உடனே ஒரு பத்திரிகை அவளைத் துரத்தத் தொடங்குகிறது. அவள் அறிவுள்ளவள், நிதானமானவள் என்று அவளை அறிந்த ஒருவர் சொன்னது, ஈரமற்றவள், கணக்குப் பார்த்து நடப்பவள் என்று அச்சாகிறது. வைத்தியசாலையில் கிடக்கும் தாயையும் நிருபர் விட்டுவைக்கவில்லை. முகந்தெரியாதோர் ஆபாசக் கடிதங்கள் அனுப்புகின்றனர். ஈற்றில் அவள் அந்த நிருபரைச் சுட்டுக் கொல்கிறாள்.

கதை வெளிவந்து 24 ஆண்டுகளின் பின், 1998 ஜனவரியில், அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனுடன் மொனிக்கா லுவின்ஸ்கிக்கு இருந்த உறவை முதலில் வெளியிட்டது அச்சுப் பத்திரிகையன்று, ஓர் இணையத்தளமே. அப்போது அவருக்கு வயது 24. தோழி இரகசியமாகப் பதிவுசெய்த அவரது தொலைபேசிப் பேச்சும் பகிரங்கமாயிற்று. இணையத்தின் வழியாக உலகளாவிய ரீதியில் மானமிழந்த முதல் ஆள் தாமே எனப் பின்னாளில் அவர் கூறினார்.

கத்தரினாவுக்குத் தன்னை அழித்தவன் யாரென்று தெரிந்திருந்தது. இன்று அவதூறுக்குள்ளாகும் பெண் யாரைச் சுட்டிக்காட்டுவாள்? பகிர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஒவ்வொருவரும் 'நான் ஒருமுறைதானே அனுப்பினேன்' என்பர். மூலப் பதிவை அழித்தாலும் பிரதிகள் எங்கோ இருந்துகொண்டே இருக்கும். கண்டித்து எழுதினாலும் ஆபத்துத்தான். அதிகம் பேர் எதிர்வினை காட்டும் பதிவையே இத்தளங்கள் மேலும் பலர் கண்ணிற் படச்செய்கின்றன. கோபமும் அங்கே ஓர் எதிர்வினையாகவே எண்ணப்படுகிறது.

பொல்லின் நிருபர் அதைச் சம்பளத்துக்குச் செய்தான். நாமோ கூலியின்றிச் செய்கிறோம். அத்தகைய படமொன்று நமது கைத்தொலைபேசிக்கு வருமானால், கண்டிப்பதற்காகவேனும் அதனை மறுபடி அனுப்பாதிருப்போம். தளத்தாரிடம் முறையிடுவோம். அனுப்பியவர் நண்பரானால், அழித்துவிடும்படி அவரிடமே நேரிற் சொல்வோம்.