ஸ்டீயரிங் யார் கையில்? பழி யார் தலையில்?

2018 மார்ச் 18, இரவு பத்து மணி ஆகப்போகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டெம்பி நகரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது, ஊபர் நிறுவனம் சோதனைக்காக ஓட்டிய தானியங்கி வால்வோ கார் மோதியது. அவர் இறந்துபோனார். தானாக ஓடும் கார் மோதிப் பாதசாரி ஒருவர் பலியானது அதுவே முதல் முறை.

தானியங்கி கார் என்றதும் பலரும் ஒரு புதிரைப் போடுவார்கள். பிரேக் பிடிக்காத கார், குறுக்கே வரும் குழந்தையைக் காப்பாற்றுமா, உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றுமா? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட புதிர்களை இணையத்தில் வைத்துக் கிட்டத்தட்ட 4 கோடி விடைகளைத் திரட்டினார்கள். டெம்பி கார் அப்படி எந்தத் தர்மசங்கடத்திலும் சிக்கவில்லை. எதிரே இருப்பது மனிதர் என்பதே அதற்குப் பிடிபடவில்லை.

5.6 விநாடிகள்

விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதற்கான காரணத்தைச் சொன்னது. மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே காரின் சென்சார்கள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டன. ஆனால் வண்டி, ஏதோ ஒரு பொருள், சைக்கிள் என்று மென்பொருள் மாற்றி மாற்றிக் கணித்தது. கணிப்பு மாறும்போதெல்லாம், அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்ற கணக்கும் முதலிலிருந்து தொடங்கியது. பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் குறுக்கே நடப்பார் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

தேவையில்லாமல் பிரேக் விழக் கூடாது என்பதற்காக, ஆபத்தை உணர்ந்த பிறகும் ஒரு விநாடி காத்திருக்கும்படி மென்பொருளை அமைத்திருந்தார்கள். வால்வோவிலேயே இருந்த அவசர பிரேக் வசதி, கார் தானாக ஓடும்போது வேலை செய்யாதபடி வைக்கப்பட்டிருந்தது. காருக்குள் அமர்ந்து கவனிக்க முன்பு காருக்கு இருவர் என்றிருந்த கண்காணிப்பாளர்கள் ஒருவராகக் குறைக்கப்பட்டிருந்தார்கள். இவை எல்லாம் விபத்துக்கு வெகு முன்பே, அலுவலகத்தில் எடுத்த முடிவுகள்.

காரில் இருந்த கண்காணிப்பாளர் செல்போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். தவறுதான். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் பாதுகாப்புக் கலாசாரம் போதாது என்று வாரியமே குறை சொன்ன பிறகும், ஊபர்மீது குற்ற வழக்குப் பாயவில்லை.

சாட்சியும் அவர்களே

2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு சம்பவம். ஒருவர் ஓட்டிவந்த கார் இடித்ததில், ஒரு பெண் பக்கத்தில் வந்த குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சிக்கு முன்னால் போய் விழுந்தார். மோதி நின்ற டாக்சி, ஓரங்கட்டுவதாக நினைத்து அவரைச் சுமார் 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. இப்படி இழுத்துச் சென்றதை அரசுக்குத் தந்த அறிக்கையில் நிறுவனம் விட்டுவிட்டது. பொய் அறிக்கை தந்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டு, 5 லட்சம் டாலர் அபராதமும் கட்டியது.

இணைய வசதியுள்ள கார்களின் பெரிய சிக்கல் இதுதான். கேமரா பார்த்தது, மென்பொருள் கணித்தது எல்லாம் நிறுவனத்தின் சர்வரில் கிடக்கின்றன. குற்றம் சாட்டப்படக்கூடியவர் கையிலேயே சாட்சியமும் இருக்கிறது.

சட்டங்கள் மெல்ல விழித்துக்கொள்கின்றன. வயதையும் பாலினத்தையும் பார்த்து உயிருக்கு மதிப்புப் போடக் கூடாது என்று ஜெர்மனியின் நெறிமுறைக் குழு 2017-இலேயே சொல்லிவிட்டது. கார் தானாக ஓடும் நேரத்தில் அது ஓடும் விதத்துக்கு, அனுமதி பெற்ற நிறுவனமே பொறுப்பு என்கிறது பிரிட்டனின் 2024 சட்டம்.

மனிதர்கள் ஓட்டும் வண்டிகளால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் பேர் சாகிறார்கள். அந்த எண்ணிக்கையை இயந்திரம் குறைக்குமானால் வரவேற்போம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: விபத்து நடந்த உடனே பதிவுகள் முழுமையாக விசாரணை அதிகாரிகள் கைக்குப் போக வேண்டும், முடிவெடுத்தவர் எவரோ அவரே கூண்டில் ஏற வேண்டும். இவற்றுக்கு உடன்படாத நிறுவனத்துக்குப் பொதுச் சாலையில் இடம் தரக் கூடாது.