பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன்



சொந்தத் தொழிலுக்கு உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிற இளைஞர்களில் பலர் இப்போது கேட்பது பழைய பிக்கப் வண்டிக்குத்தான். காரணம் புரிகிறது. திண்டிவனம் பக்கம் தர்பூசணி, மரக்காணத்தில் உப்பும் மீனும், விழுப்புரம் கமிட்டிக்குப் போகும் மணிலா, செஞ்சி நெல், கோழிக்கடைச் சரக்கு என்று ஏற்றி இறக்க வேலை இருக்கிறது. வாடகை வண்டிக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பார்த்தால் சொந்த வண்டி ஆசை வரத்தான் செய்யும்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போகிறார்கள். நல்லதுதான். ஆனால் என்ஜின் கெட்டால் சில பத்தாயிரங்களோடு போகும். பேப்பர் கெட்டால் வீடு வரைக்கும் வரும். ஆகவே முதலில் பேப்பரைப் பேசுவோம்.

நம் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. விற்பவரிடம் 29, 30 படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றாமலே ஒன்றிரண்டு வருடம் ஓட்டுவது. பிறகு அதே கையெழுத்தோடு இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது. செலவு மிச்சம் என்று நினைக்கிறார்கள். ஒரு வழக்கைச் சொல்கிறேன். வட இந்தியாவில் ஒரு கார் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு என்று வரிசையாக விற்கப்பட்டது. பதிவில் முதல்வரின் பெயரே இருந்தது. 2009இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று தீர்த்தது. வண்டியை விற்று வருடங்கள் ஆகிவிட்டன என்ற வாதம் எடுபடவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பழைய வண்டியை விற்றவர்களும் இருப்பீர்கள். உங்கள் பெயர் இன்னும் எந்த வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். மாற்றாவிட்டால், மோதப்பட்ட மூன்றாவது நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கேட்க முடியாது. வண்டியை ஓட்டி வருகிற அன்றே இன்சூரன்ஸ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். பழைய சரக்கு வண்டிகளில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

வண்டி எண்ணைக் கொண்டு பரிவாகன் தளத்தில் பார்த்தால் எஃப்.சி., இன்சூரன்ஸ், வரி எதுவரை உள்ளன, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பாருங்கள். கடன் பதிவு இருந்தால் பைனான்ஸ் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். "மீதித் தவணையை நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள்" என்ற பேரத்துக்குள் போகவே வேண்டாம். வட்டி என்ற பாவம் ஒருபுறம். நீங்கள் கட்டும் தவணை அவர் பெயரில் வரவாகும், வண்டியைத் தூக்கிப் போகிறவர்கள் உங்கள் வாசலுக்கு வருவார்கள், இது மறுபுறம்.

ஆர்.சி.யில் உள்ளவர் இறந்துவிட்டிருந்தால் மகன் ஒருவர் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். பெண்மக்களுக்கும் அதில் பங்கு உண்டென்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுச்சேரி வண்டி விலை மலிவாகத் தெரியும். அது வேறு மாநிலப் பதிவு. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என்.16 அல்லது டி.என்.32 எண்ணுக்கு மாற்ற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து அந்த எண்ணில் ஓட்டக் கூடாது. மாற்றும் செலவைக் கூட்டிப் பார்த்தபின் விலை மலிவா என்று சொல்லுங்கள். பத்து வருட டீசல் வண்டியை ஓட்டவே கூடாதாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது டில்லிப் பகுதிக்கான தடை. இங்கே எஃப்.சி. வாங்கும்வரை ஓட்டலாம். ஆனால் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுத்த எஃப்.சி.யை அதன்பின் வருடா வருடம் எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்காகிவிட்டது. எஃப்.சி. முடியும் தறுவாயில் விற்பனைக்கு வரும் வண்டி என்றால் பெயின்ட், டயர், பிரேக், விளக்கு எல்லாம் உங்கள் தலையில் விழும். அதை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

இனி வண்டி. காலையில் போங்கள், என்ஜின் ஆறியிருக்க வேண்டும். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்புங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக் கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும். கரும்புகை தொடர்ந்து வந்தால் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர் பார்க்க வேண்டும். திண்டிவனம் மேம்பாலத்தில் கொஞ்சம் பாரத்தோடு ஏற்றிப் பாருங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. கிலோமீட்டர் எண்ணை நம்ப வேண்டாம், பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தேய்மானமும் உண்மையைச் சொல்லும்.

நம் கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் கட்டாயம் கீழே படுத்துப் பாருங்கள். மீனும் உப்பும் ஏற்றிய வண்டியின் மேல்பெயின்ட் பளபளக்கும், சேஸிஸ் உள்ளே அரித்திருக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் துரு செதிளாக உதிரும். சேஸிஸில் வெல்டிங் தையல் தெரிந்தால் வேண்டாம். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம். அன்று தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தையில்தான் இருக்கின்றன. சீட்டுக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் துரு, தரைவிரிப்புக்குக் கீழே மண், ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு, ஹெட்லைட்டுக்குள் நீர்த்துளி இவற்றைத் தேடுங்கள். விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். தெரிந்த குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் கூடாது, அப்படி விற்றால் பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது அவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவை பி.எஸ்.6 வண்டிகள். இவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உள்ள மாடலானால் அதற்கு நீண்ட ஓட்டம் வேண்டும். ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொள்ளும், செலவு பெரிது. தெருத்தெருவாகச் சரக்குப் போடுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.4 வண்டியே வசதி என்பது என் கருத்து. ஹைவேயில் சென்னை வரை போகிறவருக்கு அந்தப் பயம் குறைவு.

பெர்மிட்டைப் பற்றி: ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதே ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழியுங்கள், அதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அதிக பாரத்துக்குச் சட்டத்தில் 20,000 ரூபாயும் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. லைசென்ஸ் கவலை இல்லை. சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

நிக்காஹ், தர்கா பயணம் என்று குடும்பத்தையே பிக்கப்பின் பின்னால் ஏற்றிப் போகிறோம். சரக்கு வண்டியில் ஏறும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிடையாது. கூடவே வரும் சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த பிரதிநிதிக்கோ மட்டுமே உண்டு. விபத்தானால் இழப்பீடு முழுவதும் வண்டிக்காரர் கையிலிருந்துதான். பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முன்பணம் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். தேதி, தொகை, வண்டி எண், பெயர் மாற்றம் யார் செலவு, மீதி எப்போது, இரண்டு சாட்சி. அல்பகரா 282ஆவது வசனம் கடனை எழுதச் சொல்வதை மனப்பாடம் செய்தவர்களே அண்ணன் தம்பிக்குள் எதற்கு எழுத்து என்று கேட்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு விற்பவரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். ஆகவே அது முடியும்வரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். விற்பவரின் ஃபாஸ்டாகை அவர் முடக்கிவிட வேண்டும், நீங்கள் புதிது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் விக்கிரவாண்டி டோலில் உங்கள் ஓட்டத்துக்கு அவர் கணக்கில் பணம் போகும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. நகல்களோடு அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பரிவாகன் தளத்தில் நாங்களே பார்த்துச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ். கட்டணம் எதுவும் இல்லை.