பழைய யந்திரங்களின் கதி

கம்ப்யூட்டர்களுக்கு இயக்குதளம் செய்வோர் பழைய யந்திரங்களை என்றென்றைக்கும் தாங்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியது இன்டெல் 386 சில்லில். 2012-ல் அச்சில்லையே லினக்ஸ்காரர் கைவிட்டனர். அதை உபயோகிப்போர் அருகிவிட்டனர். அதற்கான விசேஷ ஏற்பாடுகளோ மற்ற வேலைகளுக்கு இடையூறாயிருந்தன. ஆகவே அது நியாயமே.

மைக்ரோஸாப்ட் கம்பெனியின் செய்கை வேறு. விண்டோஸ் 10-க்கு அது அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, 2017-க்கு முந்திய இன்டெல் சில்லுகளில் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. பாதுகாப்பே காரணமென்கிறது கம்பெனி. திருத்தமின்றி விடப்பட்ட யந்திரத்துக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? தனிநபருக்கு அளித்த கூடுதல் தவணையும் தற்காலிகமே. யந்திரத்தின் வயதைப் பாராது, அதை நம்பியிருப்போரின் தொகையைப் பார்த்தே இவ்விஷயத்தில் தீர்மானிக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.