கரிக்கணக்கு 11: குழாய்க்குள் காணாமல் போன 88 குதிரைகள்

எங்கோ ஒரு காட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு, இங்கே கொதிகலனை அப்படியே எரியவிடும் கம்பெனிகளைப் போன வாரம் பார்த்தோம். தங்கள் புகைக்கு ஈடாக அவை வாங்கும் கார்பன் கிரெடிட்தான் அது. இந்த வாரம் சப்ளையர்களின் புகையைப் பேசுவதாக இருந்தது. அதற்குள் ஒரு குழாய் குறுக்கே வந்துவிட்டது.

1997-ல் இன்டர்ஃபேஸ் என்ற அமெரிக்கக் கார்ப்பெட் கம்பெனி ஷாங்காயில் புது ஆலை கட்டியது. வெப்பத்தைக் கடத்தும் திரவம் சுற்றிவர 14 பம்புகள் தேவைப்பட்டன. பேர்போன வடிவமைப்பு நிறுவனம் ஒன்று கொடுத்த வரைபடத்தில் அவற்றுக்கு மொத்தம் 95 ஹெச்.பி., அதாவது குதிரைத்திறன். கம்பெனியின் சொந்தப் பொறியாளர் யான் ஸ்கில்ஹாம் அதில் இரண்டே இரண்டை மாற்றினார். குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார். பிறகு, இயந்திரங்களை முதலில் நிறுவிவிட்டு அவற்றுக்கிடையே குழாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோகாமல், முதலில் குழாயை நேராகப் போட்டு, இயந்திரங்களை அதற்குத் தோதாக வைத்தார். 7 ஹெச்.பி. போதுமானதாகிவிட்டது. 95 எங்கே, 7 எங்கே!

புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இதில் கிடையாது. பாயும் அளவு மாறாதவரை, குழாயின் உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிக் குறையும். விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு ஏறத்தாழ 32-ல் ஒரு பங்கு. ஐந்தாம் அடுக்கு! இந்த வாரம் முழுக்க, பார்க்கிற குழாயையெல்லாம் மனசுக்குள் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

மொட்டை மாடித் தொட்டிக்கு லைன் இழுப்பதைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் ஒரு மூலையில், தொட்டி எதிர்மூலையில், நடுவில் சன்ஷேடைச் சுற்றிக்கொண்டு நாலைந்து எல்போ. “தண்ணி ஏறலைன்னா மோட்டாரைப் பெருசாப் போட்டுக்கலாம் சார்” என்பார் பிளம்பர். பெரிய ஆலைகளிலும் இதுதான் நடக்கிறது, டை கட்டிக்கொண்டு.

படித்தவர்கள் ஏன் இப்படி வரைகிறார்கள்? பெரிய குழாயின் கூடுதல் விலையையும் அது மிச்சப்படுத்தும் கரண்ட் பில்லையும் மட்டும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் போடுவதால். குழாய் பெருத்தால் பம்பும் மோட்டாரும் மின் சாமான்களும் சிறுத்துவிடும், அவற்றின் விலையும் இறங்கும் என்பது அந்தத் தாளில் ஏறுவதே இல்லை. ஸ்கில்ஹாமின் அமைப்பைக் கட்டவும் செலவு குறைவுதான். சிங்கப்பூர்ப் பொறியாளர் லீ எங் லாக்கின் வழியைப் பின்பற்றித்தான் இதை அவர் செய்தார்.

இந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிவருபவர் அமெரிக்க எரிசக்தி அறிஞர் அமோரி லோவின்ஸ். அனல்மின் நிலையம், மின்கம்பி, மோட்டார், பம்பு என்று வழிநெடுக இழப்பு இருப்பதால், குழாயில் ஒரு பங்கு மிச்சம் பிடித்தால் மின் நிலையத்தின் எரிபொருளில் சுமார் பத்துப் பங்கு மிச்சம் என்பது அவர் கணக்கு.

ஆண்டறிக்கை எழுதும் துறையிடம் பருவநிலையை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் நம் முதலாளிகள். கரியின் தலையெழுத்தை அதற்கு வெகு முன்பே லேஅவுட் போடுகிறவர் எழுதி முடித்துவிடுகிறார். அவருக்கான கட்டணமோ பல திட்டங்களில் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். சிக்கனமாக வரைந்தால் அவருக்குத்தான் நஷ்டம். இந்த ஒரு ஒப்பந்த வரியைத் திருத்துவது எத்தனையோ மரக்கன்றுகளைவிட மேல் என்பேன்.

இன்டர்ஃபேஸைப் புனிதராக்கவில்லை. நிறுவனர் ரே ஆண்டர்சன் 1994-ல் பால் ஹாக்கனின் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு மனம் மாறியவர். 2020-க்குள் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பூஜ்யமாக்குவது என்று கம்பெனி இலக்கு வைத்தது. அந்தக் கம்பெனியும் பல ஆண்டுகள் கார்பன் கிரெடிட் வாங்கித்தான் கணக்கை நேர்செய்தது. அதை விட்டுவிட்டு நேரடியாகக் குறைப்பதில் இறங்குகிறோம் என்று 2024-ல்தான் அறிவித்தார்கள்.

குழாயைச் சரிசெய்த பிறகும் கார்ப்பெட்டின் கரியில் பெரும்பங்கு அதன் நைலான் நூலில் இருக்கிறது. அந்த நூல் நூற்கப்படுவதோ வேறொருவரின் ஆலையில். சப்ளையர் கதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கம் நிறைந்துவிட்டது என்கிறார் ஆசிரியர்; நூல் அடுத்த வாரம்.